தாமதமாகத் திறந்த மண்டபம்

திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலருகே நவராத்திரி மண்டபம் உள்ளது. ஆண்டுதோறும் பத்மநாபபுரத்திலிருந்து கலைமகள் திருவுருவம் ஊர்வலமாக எழுந்தருள, ஒன்பது நாள் இசை வழிபாடு நிகழும். விளக்கொளியில் நடைபெறும் அக்கச்சேரிகளில் கைதட்டல் கிடையாது. கேட்போர்க்கு அது நல்ல பயிற்சியே!

வணங்கப்படுபவள் பெண்தெய்வம், பாடியவரோ நெடுங்காலம் ஆண்கள் மட்டுமே. 2006ஆம் ஆண்டில்தான் பாறசாலை பொன்னம்மாள் அங்குப் பாடினார். அப்போது அவர் எண்பது வயதைக் கடந்திருந்தார். இதனை மண்டபத்தின் பெருந்தன்மை எனப் போற்றுவோர் உளர், அது பொருந்தாது. சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியின் முதல் மாணவியாகப் பயின்று, அங்கேயே ஆசிரியராகவும் விளங்கியவர் அவர். அம்மன்னரின் கீர்த்தனைகளைப் பிறருக்குக் கற்பித்தவர், அவற்றை அம்மண்டபத்தில் பாட முதுமைவரை காத்திருக்க நேர்ந்தது. அவரது இளமைக் குரலை அங்குக் கேட்டவர் ஒருவருமிலர். 2017இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், 2021இல் மறைந்தார்.