மூலிகைக்கும் அளவு உண்டு

தென்சீன மலைச்சரிவுகளில் வளரும் ஒரு கொடியை லெய் கோங் தெங் என்கிறார்கள். இடிக்கடவுளின் கொடி என்று பொருள். அதைப் பொடித்துத் தூவிக் காய்கறிப் பூச்சிகளைக் கொன்றார்கள் உழவர்கள். வைத்தியர்களோ அதன் வேர்ப்பட்டையை உரித்து எறிந்துவிட்டு, உள்கட்டையை மட்டும் நெடுநேரம் கொதிக்கவைத்து மூட்டு வீக்கத்துக்குக் கொடுத்தார்கள். இரண்டையும் கண்டவர்கள் மூலிகை என்றாலே தீங்கற்றது என்று சொல்லியிருக்க மாட்டார்கள். இன்று அப்படிச் சொல்பவர்கள் பெரும்பாலும் விற்பவர்கள்தான்.

1972இல் அமெரிக்க வேதியியலாளர் மோரிஸ் குப்சனின் குழு இக்கொடியிலிருந்து ட்ரிப்டோலைடு என்ற சேர்மத்தைப் பிரித்தெடுத்தது. அவர்கள் தேடியது புற்றுநோய்க்கு மருந்து. அழற்சியை அடக்கும் அதன் ஆற்றல் பின்னர் விரிவாக ஆராயப்பட்டது. செல்லுக்குள் மரபணுவைப் படியெடுக்கும் பணியில் ஈடுபட்ட ஒரு புரதத்தை அது பற்றிக்கொண்டு முடக்குகிறது என்று 2011இல் தெரியவந்தது. படியெடுப்பு குறைந்தால் அழற்சியைத் தூண்டும் புரதங்கள் குறைகின்றன, வீக்கம் தணிகிறது. ஆனால் எலும்பு மஜ்ஜையும் விந்தணு உருவாகும் திசுவும் ஓயாமல் புதிய செல்களை உண்டாக்குபவை. அதே முடக்கம் அவற்றையும் தாக்குகிறது. கல்லீரலும் சிறுநீரகமும் தப்புவதில்லை. நோயைத் தணிக்கும் செயலும் உடலைக் கெடுக்கும் செயலும் ஒன்றே என்பதால், ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை எளிதில் வடிகட்டிவிட முடியவில்லை.

ஆகவே, இதைத் தடை செய்யுங்கள் என்று சில மருத்துவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. மாதவிடாய் நின்றுபோன இளம்பெண்ணையோ கல்லீரல் பழுதான முதியவரையோ கண்டவர் வேறு எப்படிப் பேசுவார்? மறுபக்கத்தையும் கேட்க வேண்டும். முடக்குவாதத்துக்கான உயிரியல் ஊசிகளின் விலை எளிய குடும்பங்களுக்கு எட்டாதது. வலி தாங்காமல் இக்கொடியின் சாற்றில் செய்த மாத்திரையை நாடி நிம்மதி கண்டவர்கள் சீனாவில் ஏராளம். அவர்களுடைய அனுபவத்தை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது அறிவியலும் ஆகாது, மரியாதையும் ஆகாது.

2014இல் வெளியான ஓர் ஆய்வு இரு தரப்பையும் ஒரே மேசைக்கு அழைக்கிறது. பெய்ஜிங் யூனியன் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வழிநடத்திய அந்த ஆய்வில் முடக்குவாத நோயாளிகள் 207 பேர் பங்கேற்றார்கள். 24 வாரங்களில் நோய்க்குறிகள் பாதியளவாவது குறைந்தவர்கள், வழக்கமான முடக்குவாத மருந்தான மெத்தோட்ரெக்சேட் மட்டும் எடுத்தவர்களில் 46 சதவீதம்; மூலிகைச் சாறு மட்டும் எடுத்தவர்களில் 55 சதவீதம்; இரண்டையும் சேர்த்து எடுத்தவர்களில் 77 சதவீதம். ஓர் ஆய்வை வைத்து முடிவுகட்டக் கூடாதுதான். ஆனாலும் மரபும் நவீனமும் ஒன்றையொன்று விலக்கித்தான் ஆக வேண்டும் என்ற பிடிவாதத்தை அது தளர்த்துகிறது. அங்கே தரப்படுத்திய சாறும் கணக்கான அளவும் மருத்துவக் கண்காணிப்பும் இருந்தன. அந்த ஏற்பாடு இல்லாமல் கடையில் வாங்கி விழுங்குபவருக்கு இந்தச் சதவீதங்கள் எந்த உறுதியும் தருவதில்லை.

2012இல் சீன அரசு இக்கொடியிலிருந்து செய்யும் மருந்துகளின் தீவிளைவுகளைப் பற்றி எச்சரித்தது. குழந்தைகள், கர்ப்பிணிகள், பிள்ளைப்பேற்றை விரும்பும் ஆண்களும் பெண்களும் இவற்றை உட்கொள்ளக் கூடாது. தடைக்கும் தாராளத்துக்கும் நடுவே இது ஏற்கத்தக்க வழி. தயாரிப்பாளர்கள் தம் பங்காக, ஒவ்வொரு மாத்திரையிலும் எவ்வளவு ட்ரிப்டோலைடு இருக்கிறது என்பதை அட்டைப்பெட்டியில் அச்சிடலாம். விளைநிலமும் பருவமும் மாறினால் வேரின் வீரியமும் மாறும் என்பதை அவர்களைவிட அறிந்தவர்கள் இல்லை.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வாழும் தமிழர்களுக்குச் சீன மருந்துக்கடை அந்நியமல்ல. சீன வைத்தியர்கள் பதிவு செய்துகொள்ள சிங்கப்பூர் 2000இல் சட்டம் இயற்றியது. மலேசியா மரபு மருத்துவங்களுக்கான சட்டத்தை 2016இல் கொண்டுவந்தது. வைத்தியரைப் பதிவு செய்வதோடு சட்டத்தின் வேலை ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. மிச்சம் ஆலோசனை அறையில் இருக்கிறது. மருத்துவர் கோபித்துக்கொள்வாரோ என்று அஞ்சி நோயாளிகள் மூலிகையைச் சொல்வதில்லை. நேரமில்லாததால் மருத்துவர்களும் கேட்பதில்லை. “வேறு என்ன சாப்பிடுகிறீர்கள்?” என்று கடிந்துகொள்ளாமல் கேட்க அரை நிமிடம் போதும். சீன வைத்தியரும் அதே கேள்வியைக் கேட்டு, பதிலைச் சீட்டில் எழுதி, ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பிவைக்கலாம். நோயாளி அந்தச் சீட்டை இரண்டு இடத்திலும் காட்ட வேண்டும்.