குவளை உயர்ந்தால் குடி உயருமா?

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை நண்பகலில், பெங்களூரில் ஜின்னுக்கென்றே அமைந்த ஒரு மதுக்கூடத்துக்கு நண்பர்கள் நால்வர் சென்றிருந்தோம். அழைத்துச் சென்றவர் தமிழில் விமர்சனம் எழுதுகிறவர். எங்களைப் போலவே தமிழிலக்கியம் பயின்றவர். பித்தளை விளக்குகள், பிரம்பு நாற்காலிகள், சுவரில் சட்டமிட்ட தாவரப் படங்கள். வயிறு பெருத்த கண்ணாடிக் கோப்பையில் ஒற்றைப் பனிக்கட்டியும் உலர்ந்த ஆரஞ்சு வில்லையும் மிதக்க, ஜின்னும் டானிக்கும் வந்தன. விலை ஏறத்தாழ 800 ரூபாய். தொட்டுக்கொள்ள, வாழையிலைத் துண்டின்மேல் பத்து நெத்திலி வறுவல். அது 450 ரூபாய். சுவையில் குறை சொல்வதற்கில்லை. நாங்களும் அருந்தினோம். ஆகவே இது மதுவிலக்குப் பிரசங்கம் அன்று.

சிக்கல் வேறிடத்தில் எழுந்தது. இதே நண்பர் சில வாரங்களுக்கு முன்புதான் ஒரு நாவலை 'கள்ளுக்கடை இலக்கியம்' என்று எழுதித் தள்ளியிருந்தார். அதன் மாந்தர் மாலைதோறும் குடிப்பது அவருக்குப் பண்பாட்டுச் சீரழிவாகத் தோன்றியது. இங்கோ கோப்பையை மூக்கருகே கொண்டுசென்று, ஜூனிப்பர் கனியின் மணம் குறித்துக் கால் மணி நேரம் பேசினார். இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டோம். "இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது சார்" என்று மதுப் பட்டியலை எங்கள் பக்கம் நகர்த்தினார்.

வரலாறு இருப்பது உண்மைதான். டச்சுக்காரரின் மருந்து, லண்டனின் நாகரிகம், மலேரியாவுக்கு அஞ்சிய வெள்ளை அதிகாரிகளின் மாலைப்பொழுது என்று பட்டியலில் அழகாகவே அச்சிட்டிருந்தார்கள். அச்சிடாமல் விட்டவற்றைப் பற்றியே நாம் பேசவேண்டியிருக்கிறது.

பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் ஜின் சீமான்களின் பானம் அன்று. கூலிகளும் ஏழைப் பெண்களும் தெருவில் வாங்கிக் குடித்த மலிவுச் சரக்கு. 1736 இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. இரண்டு காலனுக்குக் குறைவாகச் சில்லறையில் விற்க ஆண்டுக்கு 50 பவுண்டு உரிமக் கட்டணம். பீப்பாய்க் கணக்கில் வாங்க வசதியுள்ளவனை இது தீண்டவில்லை. தள்ளுவண்டியில் வைத்து விற்ற பெண்ணைத்தான் தீண்டியது. கீழ்நிலை மக்களின் குடியே தன் கவலை என்பதை அச்சட்டத்தின் முகப்புரை மறைக்கவும் இல்லை. 1743 இல் அச்சட்டம் கைவிடப்பட்டது. 1751 இல் ஹோகார்த் செதுக்கிய 'ஜின் சந்து' என்ற சித்திரத்தில் போதையேறிய தாயின் கையிலிருந்து குழந்தை நழுவி விழுகிறது. அதன் இணைச் சித்திரமான 'பீர் தெரு'வில் எல்லோரும் கொழுத்து மகிழ்ந்திருக்கிறார்கள். ஜின்னால் அழிந்த உயிர்கள் பொய்யல்ல. ஆனால் அன்று இழிவின் சின்னமாயிருந்த ஒன்று இன்று ரசனையின் சின்னமாகியிருக்கிறது. இடையில் மாறியது கோப்பையும் அதை ஏந்தும் கையும் மட்டுமே.

டானிக்கின் கசப்புக்கும் இப்படி ஒரு மறுபக்கம் உண்டு. அந்தக் கசப்பு கொய்னா. சின்கோனா மரப்பட்டையிலிருந்து எடுப்பது. 1860 இல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் தென் அமெரிக்காவிலிருந்து சின்கோனாவைக் கொண்டுவந்து சேர்த்த இடங்களில் நம் நீலகிரியும் ஒன்று. அங்கே நடுவட்டத்தில் தோட்டம் போட உழைத்தவர்களுள் சீனக் கைதிகளும் இருந்தனர். வெள்ளை அதிகாரியின் மாலைப்பொழுதுக்குப் பட்டியலில் இடமிருக்கிறது; அந்தக் கைதிகளின் பகற்பொழுதுக்கு இடமில்லை.

இனி நம் வீட்டுக்கு வருவோம். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனை அரசின் கையில். ஏறத்தாழ 5 விழுக்காடு சாராயச் சத்துள்ள கள்ளை இறக்கிய பனையேறி குற்றவாளி. 40 விழுக்காட்டுக்கு மேல் உள்ள புட்டியை விற்பது அரசு. 1736 இன் லண்டன் நமக்கு அவ்வளவு தொலைவில் இல்லை.

வகுப்பறையில் நாம் செய்வதென்ன? அதியமான் மறைவுக்கு ஔவையார் பாடிய கையறுநிலை கள்ளை நினைவுகூர்ந்தே தொடங்குகிறது. அதைக் கண்கலங்கப் பாடம் நடத்துகிறோம். ஈராயிரம் ஆண்டு பழமையான கள் நமக்குப் பண்பாடு. நேற்றைய நாவலில் வரும் கள் சீரழிவு. வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார் என்று மறுப்பார்கள். மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அந்த அதிகாரத்தைக் கையிலெடுப்பவர் பனைமரத்தடியில் மட்டுமல்ல, பிரம்பு நாற்காலியில் அமர்ந்திருக்கும்போதும் அதை விரித்து வைக்கவேண்டும். குடியைக் கண்டிக்கும் விமர்சகரை மதிக்கிறோம். குடியைக் கொண்டாடுபவரோடும் பேசலாம். குடிப்பவரின் சாதியையும் சட்டைப்பையையும் பார்த்துத் தீர்ப்பு எழுதுகிறவரிடம் மட்டும் இலக்கியம் பேச ஒன்றுமில்லை.

நண்பர் மறுமொழி சொல்லவில்லை. பில்லை அவரே கட்டினார். நன்றி சொல்லி ஒரு கோரிக்கையும் வைத்தோம். அதையே இங்கும் எழுதுகிறோம். அடுத்த நாவலில் ஒரு பனையேறி நாள் முழுதும் மரமேறி இறங்கி, மாலையில் பட்டையை வாயருகே உயர்த்தும்போது, ஜூனிப்பரை முகர்ந்த அதே மூக்கால் அதையும் ஒருமுறை முகர்ந்து பாருங்கள். பிறகு எழுதுங்கள் மதிப்புரையை.