எண்ணெய் மக்கும், மருந்து?

களைக்கொல்லியோட கலக்குற ஒட்டு திரவம் இப்போ தாவர எண்ணெயில வருது. டப்பாவுல பச்சை இலைப் படம், 'மண்ணில் மக்கும்'னு எழுத்து. டவுன்ல இருக்கிற நீங்க பார்த்தா விவசாயம் திருந்திடுச்சுன்னு நினைப்பீங்க. கொஞ்சம் பொறுங்க.

கோரை, அருகு இலையில மருந்துத் தண்ணி சரியா ஒட்டாது, உருண்டு ஓடும். இலை மேல இருக்கிற மெழுகுதான் காரணம். எண்ணெய் அந்த மெழுகை இளக்கி மருந்தை உள்ளே இறக்குது. வேலை செய்யுது, மறுக்கல. கொழுப்பிலிருந்து எடுக்கிற அமீன் வகை ஒட்டுப்பொருள் மீனுக்கும் தவளைக்கும் ஆகாது. கிளைபோசேட்டோட அதைச் சேர்க்கக் கூடாதுன்னு ஐரோப்பிய ஒன்றியம் 2016லயே தடை போட்டது. அதைவிட தாவர எண்ணெய் மேல்தான்.

ஆனா 'மக்கும்'னு டப்பாவுல சொல்றது எண்ணெயை மட்டும்தான். டேங்குல இருக்கிற களைக்கொல்லி அதே களைக்கொல்லிதான்.

என் கேள்வி ஒண்ணே ஒண்ணு. மருந்து நல்லா உள்ளே இறங்குதுன்னா, அளவைக் குறைக்கணுமா வேண்டாமா? கடையில கேட்டா, "மருந்தைக் குறைக்காதீங்கண்ணே, இதையும் சேர்த்து ஊத்துங்க"ங்கிறாங்க. அப்போ ஒரு டப்பா வித்த இடத்துல ரெண்டு டப்பா விக்குது, அவ்வளவுதான். களைக்குள்ள இறங்குறது பயிருக்குள்ளயும் இறங்கும். பயிர் கருகினா நஷ்டம் எனக்குத்தான்.

எந்த மருந்தோட, எந்தக் களைக்கு, எவ்வளவு குறைக்கலாம்? நம்ம வயல்ல சோதிச்சு, டப்பா மேல தமிழ்ல அச்சடிக்கட்டும். அதுவரைக்கும் அந்த இலைப் படம் கண்கட்டு வித்தை.

"ஆள் வச்சு களை எடுக்கலாமே"ங்கிறவங்களுக்கும் ஒரு வார்த்தை: எடுக்கலாம். அந்தக் கூலியை அரிசி விலையில சேர்த்துக் கொடுங்க.