பெற்று வளர்த்தவளுக்கு மணவறையில் இடமில்லையா?

பெற்ற தாயைத் தெய்வம் என்று சொல்லாத வைதீகர் நமது நாட்டில் ஒருவரும் இல்லை. பேச்சில் தெய்வம், பாட்டில் தெய்வம், பள்ளிக்கூடப் புத்தகத்தில் தெய்வம். ஆனால் அந்தத் தெய்வத்தின் புருஷன் செத்துப் போனால், அன்று முதல் அது அபசகுனமாகி விடுகின்றது. தான் வளர்த்த பிள்ளையின் கலியாண முகூர்த்தத்திலேயே தூணுக்குப் பின்னால் போய் நிற்க வேண்டியதாகி விடுகின்றது. இந்தப் பக்தியின் யோக்கியதையைப் பற்றித்தான் இவ்வாரம் சில வார்த்தைகள் எழுத வேண்டியிருக்கின்றது.

இது எங்கேயோ பட்டிக்காட்டில் நடப்பதென்று யாரும் சமாதானம் செய்துகொள்ள வேண்டாம். தாம்பரத்தையும் அதை ஒட்டிய சேலையூரையும் எடுத்துக் கொள்ளுவோம். கிறிஸ்தவக் கல்லூரி 1937-லேயே வந்து சேர்ந்த இடம். 1984-ல் ஏற்பட்ட மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் உழைத்துக் குடும்பம் காப்பாற்றுகின்ற இடம். அப்படிப்பட்ட சேலையூரில், கேம்ப் ரோட்டுப் பக்கத்து மண்டபங்களில், கணவனை இழந்த ஒரு தாயின் வீட்டுக் கலியாணம் நடக்கும்போது தாய் எங்கேயென்று தேடிப் பாருங்கள். பெரும்பாலும் சமையற்கட்டில் இருப்பாள். அல்லது கடைசி வரிசை நாற்காலியில் இருப்பாள். மணவறையில் சித்தப்பனும் சித்தியும் உட்கார்ந்து தாரை வார்ப்பார்கள். தாலித்தட்டு மண்டபம் முழுவதும் சுற்றி நூறு கைகளுக்குப் போகும். தாய் கைக்கு மட்டும் வராது. பல வீடுகளில் அழைப்பிதழில்கூட அழைக்கின்றவர் பெரியப்பனாகவே இருப்பார்.

நாம் கேட்கின்றோம்: அந்தப் பிள்ளையைப் பெற்றது யார்? காய்ச்சல் கண்ட இரவுகளில் கண் விழித்தது யார்? நகையை அடகு வைத்துப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டியது யார்? அப்போதெல்லாம் இந்தச் சித்தப்பன்மார்கள் எங்கே இருந்தார்கள்? தகப்பன் இறந்த பின் தாயே கார்டியன் என்று 1956-ம் வருஷத்திய சட்டம் சொல்லுகின்றது. பள்ளிக்கூடத்தில் அவள் கையெழுத்துச் செல்லும், பாங்கில் செல்லும், கோர்ட்டிலும் செல்லும். மணவறைக்கு மட்டும் அந்தக் கை ஆகாதா?

அவள் கை பட்டால் மணமக்கள் வாழ்வு கெட்டுப் போகும் என்கின்றார்கள். சரி, அவளுடைய சொந்தக் கலியாணத்தை நினைத்துப் பாருங்கள். அதில் ஜாதகம் பார்த்தார்கள், நாள் பார்த்தார்கள், சுமங்கலிகளாகவே பொறுக்கியெடுத்துத் தாலியைத் தொட்டுக் கொடுக்கச் சொன்னார்கள். அத்தனை மங்கலக் கைகள் பட்ட தாலியும் அவள் கணவனைக் காப்பாற்றவில்லையே! சுமங்கலியின் கைக்குச் சாவைத் தடுக்கும் சக்தி இல்லையென்றால், விதவையின் கைக்குச் சாவை வரவழைக்கும் சக்தி மட்டும் எங்கிருந்து வந்தது? அவன் மாரடைப்பால் இறந்திருப்பான்; ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரி மோதி இறந்திருப்பான்; குடித்துக் குடல் வெந்து இறந்திருப்பான். இதற்கெல்லாம் மனைவியின் நெற்றி என்ன செய்யும்?

மனைவியை இழந்த தகப்பனுக்கும் தாரை வார்க்கப் பாத்தியதை இல்லையே என்று சிலர் நியாயம் பேசக்கூடும். இருக்கட்டும். ஆனால் அவர் எதிரே வந்தால் யாராவது பிரயாணத்தை நிறுத்துகிறார்களா? அவர் சட்டையின் நிறத்தை மாற்றச் சொல்லுகிறார்களா? ஆறு மாதத்தில் அவருக்கு வேறு பெண் தேடக் கிளம்புகிறவர்களும் இந்தச் சுற்றத்தார்தானே!

“நாங்கள் தடுக்கவில்லை, அவளேதான் ஒதுங்கிக் கொள்ளுகிறாள்” என்பது மற்றொரு சமாதானம். அவளாக எப்படி ஒதுங்குவாள்? கணவன் இறந்த சில நாட்களுக்குள்ளாகவே ஊரைக் கூட்டி, பூவைப் பறித்து, வளையலை உடைத்து, பொட்டை அழித்து, “நீ இனி ஆகாதவள்” என்று காட்டியவர்கள் யார்? அதைப் பக்கத்தில் நின்று பார்த்த குழந்தையை யாராவது யோசித்தார்களா? தகப்பனைப் பறிகொடுத்த குழந்தைக்குத் தாயின் முகம் ஒன்றுதான் மிச்சம். அந்த முகத்தையும் அழித்துக் காட்டி, உன் தாய் இனி அரை மனுஷி என்று கற்பித்து விடுகின்றார்கள். அந்தக் குழந்தைதான் பெரியதாகி, தன் கலியாணத்தில் தாயைக் காணாமலேயே தாலி கட்டுகின்றது.

துக்கப்பட வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. அன்பு வைத்தவர் போனால் மனம் நோகத்தான் செய்யும். துக்கத்தின் மேல் சடங்கை ஏற்றி, அதைப் பெண்ணுக்கு ஆயுள் தண்டனையாக்குவதைத்தான் கண்டிக்கின்றோம். பெரியார் இயக்கம் தொடங்குவதற்கு முன்பே, 1909-ல், சிறு வயதில் கணவனை இழந்த தமது தங்கை மகளுக்கு உறவினர் எதிர்ப்பை மீறி மறுமணம் செய்து வைத்தார். 1933 மே 11-ல் நாகம்மையார் காலமானார்; மறுநாளே பெரியார் திருச்சிக்குப் போய் ஒரு கலியாணத்தை நடத்தி வைத்தார். துக்கம் மனதில் இருப்பது. தீட்டு என்பது பிறர் கட்டிவிட்ட கதை என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டுமா?

சேலையூர் இன்று அடங்கியிருக்கும் செங்கல்பட்டு ஜில்லாவின் தலைநகரில்தான் 1929-ல் முதலாவது சுயமரியாதை மாகாண மகாநாடு கூடி, விதவை மறுமணத்தையும் பெண்களுக்குச் சொத்துரிமையையும் ஆதரித்துத் தீர்மானித்தது. மறுமணத்திற்கு 1856-லேயே சட்டம் வந்துவிட்டது. புரோகிதனும் ஓமமும் இல்லாமல், உறவினர் நண்பர் முன்னிலையில் மாலை மாற்றிக் கொண்டாலே கலியாணம் செல்லும் என்று அண்ணா மந்திரிசபை கொண்டு வந்த சட்டம் 1968 முதல் அமலில் இருக்கின்றது. ஈரோடு ஜில்லாவில் கணவனை இழந்த ஒரு பெண்ணைக் கோயிலுக்குள் வரக்கூடாதென்று தடுத்த வழக்கில், பெண்ணின் மதிப்பு அவள் கலியாண நிலையைப் பொறுத்ததல்ல என்று 2023 ஆகஸ்டில் சென்னை ஹைகோர்ட்டும் சொல்லிவிட்டது. ஆகவே சட்டம் தடையில்லை, சர்க்கார் தடையில்லை. தடை நமது வீட்டுக்குள்ளேயே இருக்கின்றது.

ஆகையால் கலியாணம் செய்துகொள்ளப் போகும் வாலிபத் தோழர்களுக்கும் பெண்களுக்கும் சொல்லுகின்றோம். அழைப்பிதழில் அழைக்கின்றவராகத் தாயின் பெயரைப் போடுங்கள். மணவறையில் முதல் நாற்காலியை அவளுக்குக் கொடுங்கள். தாலி வேண்டுமென்றால் அவள் கையாலேயே வாங்கிக் கட்டுங்கள். வேண்டாமென்றால் மாலையை அவள் எடுத்துக் கொடுக்கட்டும். அதைக் கண்டு எழுந்து போகின்ற சுற்றத்தார் தாராளமாய்ப் போகட்டும், சாப்பாடாவது மிச்சமாகும். தாய் தொட்டால் கெட்டுப் போகும் வாழ்வென்றால், அவள் தொட்டுத் தூக்கி வளர்த்த பிள்ளை என்றைக்கோ கெட்டிருக்க வேண்டாமா? சற்று அறிவைக் கொண்டு யோசித்துப் பாருங்கள்.