பருத்திக்கும் அடிமைக்கும் நடுவே கோடு கிழிப்பவர்கள்

"அமெரிக்க உள்நாட்டுப் போர் அடிமைமுறைக்காக நடந்தது இல்ல பாஸ், எல்லாம் எகானமிதான்." எங்கள் ஐ.டி. வட்டாரத்தில் வரலாறு பேச வருகிறவர்களில் பாதிப் பேர் இதை ஒரு ரகசியம்போல என் காதில் போட்டிருக்கிறார்கள். பின்னாலேயே இறக்குமதி வரி வரும். வடக்கு வரி போட்டது, தெற்கு வெகுண்டு பிரிந்தது. முடிந்தது கதை.

வரியை முதலில் தீர்த்துவிடுவோம். 1857இல் அது குறைக்கப்பட்டது. மறுபடி உயர்த்திய மோரில் சட்டம் செனட்டில் நிறைவேறியது 1861 பிப்ரவரியில். அதற்குள் 7 தென் மாநிலங்கள் பிரிந்தாயிற்று.

சரி, எகானமியே பேசுவோம். 1860இல் தெற்கில் விளைந்தது சுமார் 40 லட்சம் பேல் பருத்தி. நாட்டின் ஏற்றுமதி மதிப்பில் பாதிக்கு மேல். (மொத்த உற்பத்தியிலேயே பாதி என்று சிலர் அடித்துவிடுகிறார்கள். ஒரே பணத்தை நாலு தடவை எண்ணினால் அப்படித்தான் வரும்.)

இதெல்லாம் 1793இல் எலி விட்னி செய்த ஜின் எந்திரத்தின் சாதனை என்பார்கள். குட்டை இழைப் பருத்தியில் பஞ்சு கொட்டையை விடாது. கையால் பிரித்தால் ஓர் ஆளுக்கு நாள் முழுக்க ஒரு பவுண்டு தேறும். எந்திரத்தில் 50 பவுண்டு. வேலையைக் குறைக்கும் எந்திரம் வேலையாளை விடுவிக்கும் என்பது என் தொழிலின் குலதெய்வ நம்பிக்கை. ஆனால் மென்பொருள் எழுதுகிற எவருக்கும் தெரியும், ஓரிடத்து நெரிசலை எடுத்தால் அது அடுத்த இடத்தில் போய் நிற்கும். இங்கே அது காட்டில் போய் நின்றது. களை எடுக்கவும் பருத்தி பறிக்கவும் கைதான் வேண்டும். 1790இல் சுமார் 7 லட்சமாக இருந்த அடிமைகள் 1860இல் 40 லட்சத்தை நெருங்கினார்கள். கடல்வழி அடிமை இறக்குமதி 1808இலேயே தடை செய்யப்பட்டதால் உள்நாட்டுச் சந்தை கொழித்தது. வர்ஜீனியா, மேரிலாந்து போன்ற பழைய மாநிலங்களிலிருந்து சுமார் 10 லட்சம் பேர் விற்கப்பட்டோ, முதலாளியோடு இழுத்துச் செல்லப்பட்டோ அலபாமா, மிசிசிப்பி, லூசியானா பக்கம் போனார்கள். தாய் ஒரு மாநிலத்தில், பிள்ளை இன்னொன்றில்.

போர் வராவிட்டாலும் அடிமைமுறை தானாகச் செத்திருக்கும் என்று அடுத்த வாதம். 1850களில் அடிமைகளின் விலை ஏறிக்கொண்டே போனது. சாகப்போகிற தொழிலில் எவனாவது கூடுதல் விலை கொடுத்து ஆள் வாங்குவானா? 1860இல் அந்த மனிதர்களின் சந்தை மதிப்பு நாட்டின் ரயில்வே, தொழிற்சாலை முதலீடுகளைச் சேர்த்தாலும் அதைவிட அதிகம். அவர்கள் வேலையாட்கள் மட்டுமல்ல, அடமானப் பொருளும்கூட. லூசியானாத் தோட்டக்காரர்களின் வங்கி ஒன்று நிலத்தையும் அடிமைகளையும் ஈடாக வைத்துத் திரட்டிய கடனுக்கான பத்திரங்களை, லண்டனின் பேரிங்ஸ் நிறுவனம் ஐரோப்பாவில் விற்றது.

வடக்கும் இதில் நனைந்ததுதான். தெற்கின் பருத்திக்குக் கடனும் கப்பலும் காப்பீடும் கொடுத்தது நியூயார்க். தெற்கு பிரிந்தால் வியாபாரம் போய்விடுமே என்று, நகரமே தனியாகப் பிரிந்துவிடலாம் என 1861 ஜனவரியில் யோசனை சொன்னார் மேயர் பெர்னாண்டோ வுட்.

அதே ஜனவரியில் மிசிசிப்பி, தான் பிரிவதற்கான காரணங்களை அறிக்கையாக வெளியிட்டது. நம் நண்பர்கள் பிரிக்கும் இரண்டையும் அது பிரிக்கவில்லை. தங்கள் நிலைப்பாடு அடிமைமுறையோடு முழுக்கப் பிணைந்தது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டு, அடிமைமுறைமேல் விழும் அடி வணிகத்தின்மேல் விழும் அடி என்று எழுதியது.