டாக்டர் மீதான நடவடிக்கையை மறைக்காதே!

கம்மாபுரத்து விவசாயத் தொழிலாளி அறுவைக்குப் படுக்குமுன் டாக்டரின் பூர்வோத்தரத்தை விசாரிக்க முடியுமா? அதை அறிந்தது ஆஸ்பத்திரி நிர்வாகமே.

அமெரிக்காவில் 1986-ம் வருஷச் சட்டப்படி, தொழில் குறைபாட்டுக்காக ஒரு டாக்டரின் சிகிச்சை உரிமையை 30 நாளுக்கு மேல் நிறுத்தினால் ஆஸ்பத்திரி அறிவித்தாக வேண்டும். விசாரணைக்கு நடுவே அவர் ராஜினாமாச் செய்தாலும் அப்படியே.

அறிவித்தால் போதுமா? படிக்கவும் வேண்டும். ஜெயந்த் பட்டேல் சில அறுவைகளைச் செய்யாதபடி 2000-ல் ஓரிகன் மாநில மருத்துவ போர்டு தடுத்தது. 2003-ல் அவரே ஆஸ்திரேலியாவின் பண்டபர்க் சர்க்கார் ஆஸ்பத்திரியில் அறுவைப் பிரிவுத் தலைவர்! அங்குள்ள போர்டு பழைய தடையைக் கவனிக்கவில்லை. 2005-ல் விஷயத்தை அம்பலமேற்றியவர் டோனி ஹாஃப்மன் என்ற நர்ஸ்.

நாம் கேட்கிறோம்: டாக்டரின் விளக்கத்தையும் கேட்டு எடுத்த நடவடிக்கையை மருத்துவக் கவுன்சிலுக்கு எழுதுவதை இங்கும் சட்டக் கடமையாக்கு! கமுக்கமாக ராஜினாமா வாங்கி அடுத்த ஊருக்கு அனுப்புவது ஏழை உயிரோடு விளையாடுவதாகும்.