ஒரு பூஜ்ஜியமும் பதினாறு புளியங்கொட்டையும்



போன வாரம் கல்யாணப் பந்தியில் என் அண்ணன் மகன் கேட்டான்: "அத்தை, முப்பது வருஷமும் அதே ஏ பிளஸ் பி ஹோல் ஸ்கொயர். உங்களுக்குச் சலிக்கவே இல்லையா?" அதற்குள் பாயசம் வந்துவிட்டது. பதிலை இங்கே சொல்கிறேன்.

சலிக்கவில்லை. பாடம் அதேதான். எதிரே உட்காரும் பிள்ளைகள் ஒவ்வொரு ஜூனிலும் புதுசு.

ரிசல்ட் அன்று "எத்தனை சென்டம் டீச்சர்?" என்று எல்லோரும் கேட்பார்கள். அந்தச் சந்தோஷம் வருஷத்துக்கு ஒரு நாள். மற்ற நாட்களில் என்னைப் பள்ளிக்கு இழுத்தது வேறு. காரணிப்படுத்தலில் மாதக்கணக்கில் முழித்த பெண், திடீரென்று ஒருநாள் என் கையிலிருந்து சாக்பீஸை வாங்கித் தானே போட்டு முடிப்பாள். கிராஃப் தாளில் புள்ளிகளைச் சேர்த்ததும் பரவளையம் வளைந்து வருவதைப் பார்த்து ஒருவன் வாய்விட்டுச் சிரிப்பான். சம்பளம் மாதத்துக்கு ஒரு தடவை. இது அன்றாடக் கூலி.

என் தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்பு மாதத் தேர்வு. 1 + 3 + 5 + ... + 39, கூட்டுத்தொகை காண்க. கடைசி பெஞ்ச் பையன் ஒருவன் வழிமுறையே இல்லாமல் 400 என்று மட்டும் எழுதியிருந்தான். பார்த்து எழுதியிருப்பான் என்று நானே முடிவு கட்டி பூஜ்ஜியம் போட்டேன். வகுப்பில் எழுப்பி நிற்க வைத்துத் திட்டவும் செய்தேன். அவன் எதிர்த்துப் பேசவில்லை.

மறுநாள் மதியம் ஸ்டாஃப் ரூமுக்கு வந்தான். பாக்கெட்டிலிருந்து புளியங்கொட்டைகளை எடுத்து மேசைமேல் ஒன்று வைத்தான். அதை ஒட்டி 'ட' மாதிரி மூன்று. இரண்டுக்கு இரண்டு சதுரம். அதை ஒட்டி ஐந்து. மூன்றுக்கு மூன்று. அடுத்து ஏழு. நாலுக்கு நாலு, பதினாறு.

"ஒவ்வொரு ஒற்றை எண் சேரும்போதும் சதுரம் பெருசாகுது டீச்சர். 39 இருபதாவது ஒற்றை எண். அப்போ இருபது இருபது 400."

சூத்திரம் போட்டு வருஷக்கணக்கில் நடத்திய கணக்கை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். 2,000 வருஷத்துக்கும் முன்பே கிரேக்கர்கள் கூழாங்கல் அடுக்கி இதைப் பார்த்திருக்கிறார்கள் என்று பிறகு படித்தேன். இவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வீட்டில் புளி தட்டிக் கொட்டை எடுக்கிற வேலை, அவ்வளவுதான்.

மார்க்கைத் திருத்திக் கொடுத்தேன். ஆனால் திட்டியது வகுப்பு முன்னால், திருத்தியது ஸ்டாஃப் ரூமில். அது இன்னும் உறுத்துகிறது. தம்பி, நீ இதைப் படித்தால், இப்போது எல்லோர் முன்னாலும் சொல்கிறேன்: நீ போட்டது சரி, டீச்சர் செய்தது தப்பு.

உங்களில் ஆசிரியராக இருப்பவர்களுக்கும், வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவர்களுக்கும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சிவப்பு மையில் பூஜ்ஜியம் போடும் முன், "இது எப்படி வந்துச்சு?" என்று ஒரு தடவை கேளுங்கள். சில நேரம் பார்த்து எழுதியதாகவே இருக்கும், பரவாயில்லை. சில நேரம் புளியங்கொட்டை வரும். அதற்காகவே முப்பது வருஷமும் போய்விட்டது.

அவன் எந்த பேட்ச் என்று கமெண்டில் ஆராய வேண்டாம்!

உங்கள் கணக்கு டீச்சர்